கீழைத்தேய அலங்காரம் எங்கள் வீடுகளுக்குள் வந்தபோது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சுண்டிக்குளிச் சகோதரி:
அண்ணா கனடாவில் இருந்து வந்து கட்டிய வீடு. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற மாபிள், வாசலில் கருங்கல் தொட்டியில் மூங்கில், அதன் அருகே பாலியில் இருந்து தருவித்த புத்தர் தலை. இந்த அமைப்பை நீங்களும் குடிபூரல்களில் பார்த்திருப்பீர்கள். என்னோடு வேலை செய்யும் குருநாகல் தோழி ஒரு நாள் வந்தாள். தலை வைத்த பீடத்தை ஒட்டித்தான் செருப்பு றாக்கை இருந்தது. அவள் உடனே உள்ளே வரவில்லை. குனிந்து, எங்கள் செருப்புகளைச் சோடி சோடியாக எடுத்து மறுபக்கச் சுவரோரம் அடுக்கினாள். தன்னுடையதையும் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டபடி வந்தாள். குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. பிள்ளையாரின் தலையை மட்டும் செருப்புகளுக்குப் பக்கத்தில் யாராவது வைத்திருந்தால், நாம் அந்த வீட்டில் இருந்து தேநீர் குடித்திருப்போமா?

வலிவடக்கான்:
சகோதரி, உங்கள் தோழியின் மனம் நொந்தது உண்மை. எங்கள் வீட்டில் நொந்தது அப்பாவின் மனம். 1990இல் விட்டுவிட்டு ஓடிய காணி, இராணுவத்திடம் இருந்து விடுபட்ட பிறகு கட்டிய வீடு. தம்பியின் மனைவி சிறிய புத்தர் சிலை ஒன்றைப் புத்தக அலுமாரியில் வைத்தாள், அறைக்கு அமைதி தரும் என்று. அப்பா பார்த்தார். எழுந்து, கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு இருந்தார். இன்றும் அந்தக் கதிரை சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அலங்கார இதழ்களில் அது அமைதியின் சின்னம். இங்கே ஒரு சிலை முளைத்தால் அதற்குப் பின்னால் என்னென்ன வரும் என்பதை இந்த இடத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

தலையை மட்டும் வைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாவாவின் போரோபுதூரில் 504 புத்தர் சிலைகள் இருந்தன. அவற்றில் 300க்கு மேற்பட்டவை சிதைந்தவை, பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. உடலில்லாத தலை அலங்காரப் பொருளாக உலகம் சுற்ற வந்ததற்குப் பின்னால் இப்படிக் கொள்ளை போனவையும் இருக்கின்றன. எந்த மதத்தவருடைய வீட்டுக்கும் அது வேண்டாம்.

தீவகத்தான்:
சிலைப் பேச்சை விட்டுக் கதவுக்கு வருகிறேன். முன்னறையையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்க ஷோஜி வேண்டும் என்றாள் மனைவி. மரச்சட்டத்தில் வாஷிக் காகிதம் ஒட்டிய, பக்கவாட்டில் இழுக்கிற ஜப்பானியக் கதவு. கார்த்திகை மாத வாடைக்காற்றில் வேலணை வீடொன்றில் காகிதம் என்ன பாடுபடும் என்று தச்சருக்குத் தெரியும். படத்தைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு வளவுக்குள் போனார். பழைய வீட்டைப் பிரித்தபோது அடுக்கி வைத்த பனஞ்சலாகைகளில் ஒன்றைத் தூக்கி வந்து முனையைச் சீவினார். மேலே வெயிலில் வெளிறிய மரம். சீவச் சீவ உள்ளே கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் தேன் நிறத்தில் நூல் நூலாகக் கோடுகள். "சட்டத்துக்கு இது. காகிதத்துக்குப் பதில் ஓலை" என்றார்.

சார்வோலையை மெல்லியதாக வார்ந்து இழைத்த தட்டிகளைக் கட்டங்களுக்குள் பொருத்தினார். காலை வெயில் மேசையில் கட்டம் கட்டமாக மஞ்சளாய் விழுகிறது. வெளிச்சத்தை அடைக்காமல் அதன் கூர்மையைக் குறைப்பதுதான் அந்தக் காகிதத்தின் வேலை. ஜப்பானைக் காணாத மனிதர் அதைப் படத்திலேயே பிடித்துவிட்டார். இப்போது அவருக்கு வேலை இல்லை, எல்லோரும் அலுமினியக் கதவு போடுகிறார்கள். அதுதான் என் மனதை அரிக்கிறது.

நல்லூர் மேசன் மகன்:
எனக்கு நடந்தது சிறிய விடயம். மூங்கில் கட்டில் ஒன்று வாங்கினேன். இரவில் கறகறவென்று சத்தம், காலையில் கீழே மாத் தூள். கொளுத்திவிட்டேன்.

வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் பல உண்டு. மூங்கிலில் மாச்சத்து இருக்கிறது, வண்டு அதைத் தேடித்தான் வருகிறது. மேலே வார்னிஷ் அடித்தால் போதாது. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறிய மூங்கிலா என்று கேட்டு வாங்குங்கள். பிரம்புக் கதிரை தேவை என்றால் கொழும்பு-கண்டி வீதியில் வேவல்தெனியவில் இறங்கிப் பாருங்கள், செய்கிறவர்களிடமே பேசி வாங்கலாம். ததாமி விரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அது ஐந்து சென்ரிமீற்றர் அளவு தடித்த ஜப்பானியப் புல் விரிப்பு, எங்கள் மாரியில் பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் தூக்கிப் போடுவது பெரும்பாடு. பன்பாயை உதறிக் காயவிடலாம். முழங்கால் வருத்தம் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒன்றரை அடிக்குக் குறைந்த இருக்கை வேண்டவே வேண்டாம்; இருந்தவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்படும். வெளிச்சமும் முக்கியம். கடையில் தருகிற 6500 கெல்வின் வெள்ளை மின்குமிழில் மரமும் ஓலையும் செத்த நிறமாகத் தெரியும், 2700 கெல்வின் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால், தீவகத்து அண்ணையைப் போல் பிரித்த வீட்டுச் சலாகையைத் தேடுங்கள். கடைசியாக, நாற்சார் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிடுங்கள். சாரல் வராது, உள்ளே சிறிய ஜப்பானியத் தோட்டமும் வைக்கலாம்.

கோப்பாய் மருமகள்:
மற்றவை எல்லாம் சரி தம்பி, ஆனால் கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்டுவிடாதீர்கள். மாமியின் வீட்டில் அப்படித்தான் மூடினார்கள். கீழே வெள்ளைக் கூழாங்கல், கல்விளக்கு, பார்க்க அழகு. சித்திரை மாத நண்பகல் ஒன்றில் போனேன். மாமி நனைத்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கதவுப் படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தைச் சுற்றி நான்கு விறாந்தை உள்ள வீட்டில் அவருக்குக் காற்று கிடைத்த இடம் அந்தப் படி. சூடான காற்று மேலெழுந்து வெளியேறத்தான் முற்றம் திறந்திருக்கிறது. அடைத்தால் சூடு எங்கே போகும்?

எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் முற்றம் வானம் பார்த்தபடிதான் இருந்தது. 1970களில் பாலியின் சனூரில் பத்துஜிம்பார் வீடுகளை வடிவமைத்தவரும் அவரே. பாலிப் பாணி என்று படம் காட்டி நமக்கு விற்கிறவற்றில் இந்தத் தீவின் கைவண்ணமும் கலந்திருக்கிறது. சாரலுக்குப் பயமென்றால் தாழ்வாரத்தை ஓரடி கூட்டுங்கள், கண்ணாடி வேண்டாம்.

அல்லைப்பிட்டியில் இருந்து:
சீனப் பொருட்கள் எங்கள் கரைக்கு நேற்று வந்தவை அல்ல. சொங் வம்சக் காலத்து மண்பாண்ட உடைவுகளை 1970களிலும் 2018இலும் எங்கள் ஊரில் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அவ்வளவு பழையதில்லை, அம்மம்மா காலத்துப் பழுப்பு நிறச் சாடி. உள்ளலங்காரம் செய்ய வந்த இளைஞர் அதைக் கண்டதும், அடியில் துளையிட்டால் அருமையான மேசை விளக்காகும் என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மூடியைத் திறந்து, அகப்பையால் உப்புத் தேசிக்காய் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாப்பிட்டார். துளையிடும் பேச்சு அதோடு நின்றது.

இப்போது சாப்பாட்டு அறைச் சுவரில் அதற்கென்றே ஒரு மாடம் கட்டியிருக்கிறார், ஜப்பானியர் ஒரு சித்திரமோ பூச்சாடியோ மட்டும் வைக்கும் தொகோனோமாவைப் போல. சாடி ஊறுகாயோடுதான் அங்கே இருக்கிறது. எறும்பு ஏறாமல் இருக்க ஒரு கதவு தேவை. தீவகத்து அண்ணை, உங்கள் தச்சர் இப்படிச் சிறிய வேலைகளுக்கு வருவாரா? வருவார் என்றால் தொடர்பைத் தனிமடலில் அனுப்புங்கள். சலாகை எங்களிடம் இருக்கிறது.