மறுமொழி: 'ரத்தாணை'க்கு மாற்றாக 'அடியறவு'

அன்புடையீர், வணக்கம்.

அரசு அமைப்பொன்று சட்டத்தை மீறி எடுத்த முடிவை நீதிமன்றம் இல்லாமல் ஆக்கும் ஆணைக்கு (ஆங்கிலத்தில் quashing order) 'ரத்தாணை' என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருந்தார். நாளிதழ்களில் அன்றாடம் புழங்கும் எளிய சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்து பலகாரக் கடை போட்ட ஓர் அம்மாவின் லைசென்ஸை, அவரிடம் விளக்கமே கேட்காமல் அதிகாரிகள் ரத்து செய்தார்கள். வழக்கு நடந்த ஏழு மாதமும் அவர் கடையை மூடவில்லை. அதற்காக வந்த சம்மன்களை (அபராதச் சீட்டுகளை) ஒரு மைலோ டின்னில் சுருட்டி வைத்திருந்தார். உயர் நீதிமன்றத்தில் அவர் வென்ற பிறகு, தீர்ப்பைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. "உங்கள் லைசென்ஸ் ரத்தானதை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது அம்மா" என்றேன். அவர் டின்னைத் திறந்து, "அப்படியென்றால் லைசென்ஸ் இன்றிலிருந்து செல்லுமா, இல்லை நடுவில் அது போகவே இல்லையா, தம்பி? இதையெல்லாம் நான் கட்ட வேண்டுமா?" என்று கேட்டார். நான் சொன்ன வாக்கியத்தில் அதற்கு விடை இல்லை.

அதிகாரி லைசென்ஸை ரத்து செய்தால் அது அன்றிலிருந்து போகிறது. நேற்று வரை நடந்த வியாபாரம் முறையானதே. நீதிமன்றம் அதிகாரியின் முடிவை ரத்து செய்யும்போதோ, அந்த முடிவு பிறக்கவே இல்லை என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. காவல்துறை இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டாவின் வழக்கை நினைத்துப் பாருங்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையை அவருக்குக் காட்டாமல் 1958-இல் பணிநீக்கம் செய்தார்கள். 1962-இல், அப்போது நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது. அவர் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார் என்பதல்ல அதன் பொருள். அவர் வேலையை இழக்கவே இல்லை என்பதே பொருள். ஆண்டுக்கணக்கான சம்பளமும் பணிமூப்பும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன. (அது சட்டநிலை இன்னதென்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்புதான், நீக்கும் ஆணை அல்ல, விளைவு ஒன்றே.) மலாயில் 'பத்தால்' என்பதும் நம் ரத்தைப் போலவே இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சட்டப்படி செல்லாததைக் குறிக்கத் தமிழகச் சட்டத்தமிழில் 'இல்நிலை' உண்டு, இலங்கையில் 'வெறிது' உண்டு. இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் அவை ஒரு நிலையைச் சொல்கின்றன, நீதிமன்றத்தின் செயலைச் சொல்லவில்லை. செல்லாத ஆணை தன் நெற்றியில் அப்படி எழுதிக்கொண்டு வருவதில்லை என்று 1956-இல் ஆங்கிலேய நீதிபதி ராட்கிளிஃப் பிரபு சொன்னார். நீதிமன்றம் நீக்கும்வரை அது செல்லுபடியான ஆணையைப் போலவே நடமாடும். எனவேதான் செயலைக் குறிக்கத் தனிச்சொல் வேண்டும் என்கிறேன். நம் நாட்டில், நீதிமன்ற விதிகள் 2012-இன் 53-ஆம் ஆணைப்படி முடிவை நீக்கக் கேட்டு மூன்று மாதத்துக்குள் மனுச் செய்யாதவருக்கு, அவர் பிறகு அந்த முடிவு எவ்வளவு தவறானது என்று சொன்னாலும், காலநீட்டிப்புக் கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டுவிடும்.

'அடியற்ற மரம்போல' விழுந்தார் என்கிறோம் அல்லவா? அதிலிருந்து 'அடியறவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினையாக 'அடியறுத்தல்' என்றும் சொல்லலாம். அடி அறுந்தால் அதன்மேல் நின்ற கிளைகளுக்கும் பிடிப்பில்லை. அந்த முடிவை மட்டுமே நம்பி எழுதப்பட்ட சம்மன்களின் கதியும் அதுதான். இங்கிலாந்தில் 2022-இல் வந்த சட்டம், பழைய விளைவுகளை விட்டுவைத்து இனிமேலுக்கு மட்டும் நீக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதை 'நாள்முதல் நீக்கம்' என்று பிரித்துச் சொல்லலாம். 'ரத்து' என்ற சொல் இருக்குமிடத்திலேயே, அதாவது அதிகாரியின் கையிலேயே, இருக்கட்டும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. முடிவின் ஒரு பகுதி மட்டும் நீக்கப்படும்போது 'பகுதி அடியறவு' என்பது பொருந்தவில்லை. மரத்தில் பாதிக்கு மட்டும் அடியை அறுக்க முடியாது. அந்த இடத்துக்கு 'கிளையறவு' பொருந்துமா என்று சட்டம் படித்த நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.