640 மீட்டர் காட்டுக்காகப் பதினோரு மாதமாக நிற்கும் குடிநீர்க் குழாய்: எந்த அனுமதியை முதலில் வாங்குவது?

கேட்டவர்: அடிவாரத்துத் தலைவி

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூராட்சிக்குத் தலைவராக இருக்கிறேன். எங்கள் கடைசிக் குக்கிராமத்தில் 112 வீடுகள். ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்து தரைமட்டத் தொட்டி வரை குழாய் பதித்தாகிவிட்டது. அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் வழியில் 640 மீட்டர் காப்புக்காடு. வேலை அங்கே நின்றது. குழாய்ச் சுருள்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் கிடக்கின்றன. ஒரு சுருளுக்குள் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது.

ஓர் அலுவலகத்தில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி வரச் சொல்கிறார்கள். இன்னொன்றில், சாலையைக் குறுக்கே வெட்டுவதற்கு வைப்புத்தொகை கட்டினால்தான் கோப்பு நகரும் என்கிறார்கள். அதற்காக எடுத்த வரைவோலை மூன்று மாதம் கடந்து இரண்டு முறை காலாவதியாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்க வழி உண்டா? இல்லையென்றால் யாரிடம் முதலில் போவது?

பதில் 1: பேருந்துப் பயணி

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

அடிவாரத்துத் தலைவி

இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. இரண்டு ரசீதும் கைப்பையில் இருக்கின்றன. மனு எந்த அலுவலகத்தைப் பற்றியதோ அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

அம்மா, சுற்றுச்சூழல் அனுமதி வேறு, வன அனுமதி வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் இருக்கின்றன. குடிநீர்க் குழாய் இல்லை. தேவையில்லாத அனுமதியை வாங்கி வரச் சொன்னவரிடம், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

உங்களுக்கு வேண்டியது வன அனுமதி. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் (2023இல் பெயரை மாற்றிவிட்டார்கள், புதிய பெயர் என் வாயில் நுழைவதில்லை) முழு வழியில் போனால் ஒன்றிய அரசு இந்த அனுமதிகளுக்காக நடத்தும் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், மாவட்ட வன அலுவலர், வனப் பாதுகாவலர், சென்னைத் தலைமையிடம், மாநில அரசு, ஒன்றிய அமைச்சகத்தின் மண்டல அலுவலகம், பிறகு இரண்டு கட்ட ஒப்புதல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆனால் சிறிய வேலைகளுக்கென்றே இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2). பள்ளி, அங்கன்வாடி, சாலை எனப் பதின்மூன்று வசதிகளைச் சொல்லும் பட்டியலில் குடிநீர்க் குழாயும் உண்டு. காட்டு நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். குழி தோண்ட மூன்று மீட்டர் அகலம் எடுத்தாலும் உங்களுக்கு 1,920 சதுர மீட்டர்தான். ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இது மாவட்ட அளவிலேயே முடிகிற காரியம்.

இன்னொன்று சாலையோரம். ஏற்கெனவே இருக்கும் சாலையின் எல்லைக்குள், மரம் வெட்டாமல், 2 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அகலத்துக்கு மிகாத குழியில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பொது ஒப்புதல் இருக்கிறது. உங்கள் குக்கிராமத்துக்குச் சாலை எப்படிப் போகிறது? காட்டைக் குறுக்கே வெட்டிக் கோடு போட்டவர் அங்கே கால் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மேசையில் அளவுகோலை வைத்து இழுத்த கோடு எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். பணத்தை மட்டும் கடைசியில் கட்டுங்கள். நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்டவாளத்தின் இரு பக்கமும் குழாய் பதித்துவிட்டு, நடுவில் நாற்பது மீட்டருக்காக இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன். குழாய் வாயைச் சாக்கால் கட்டிவைத்தோம். குழி சரிந்தது, ஒரு பசுமாடு விழுந்தது, மாட்டுக்காரருக்குப் பணம் என் சட்டைப்பையிலிருந்து போனது. ரயில்வே அனுமதிக்கு விண்ணப்பித்ததே குழி தோண்டிய பிறகுதான். அந்தப் பிழை என்னுடையது.

அதன் பிறகு வரைபடம் முடிவாவதற்கு முன்பே எல்லோரையும் ஒரே நாளில் நடக்க வைத்துவிடுவேன். வனவர், நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர், கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், மின்வாரிய ஆள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியும். கடைசியில் டீக்கடை பெஞ்சில் கூட்டுத் தணிக்கைக் குறிப்பை எழுதி, ஒரே வரைபடத்தில் அங்கேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அலுவலகம் போய் அனுப்புகிறேன் என்பவரை விடாதீர்கள்.

பதில் 3: வனச்சரகத்துக்காரன்

ஐயா விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அது வெறும் காப்புக்காடா, சரணாலயமா என்று முதலில் பாருங்கள். சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் வந்துவிடும். கோப்பு தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு வரை போகும். சாலையோரப் பொது ஒப்புதல் அங்கே செல்லாது.

விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல, வேலையைச் செய்யும் துறை. கைபேசியில் எடுத்த இருப்பிடப் புள்ளிகளை அப்படியே ஏற்றாதீர்கள். பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், கோப்பு திரும்பி வரும். வேலை தொடங்கினால் தோண்டிய குழியை அன்று மாலையே மூடுங்கள். இரவில் மான் குட்டி விழுந்தால் அடுத்த அனுமதிக்கு நானே எதிராக எழுதுவேன்.

அடிவாரத்துத் தலைவி

ஐயா, நேற்று நடந்துவிட்டோம். மின்வாரிய ஆள் மட்டும் வரவில்லை. சரணாலயம் இல்லை, காப்புக்காடுதான்.

உண்ணிச்செடிப் புதருக்குள் எல்லைக் கல் ஒன்று கிடைத்தது. நில அளவர் அரிவாளால் செடியை வெட்டி, கல்லில் இருந்த எண்ணைச் சுண்ணாம்பு தடவிப் படித்தார். வரைபடத்தில் காடு என்று காட்டியிருந்த 640 மீட்டரில் 210 மீட்டர் ஊர்ப் புறம்போக்கு! இதைப் பதினோரு மாதமாக யாரும் பார்க்கவில்லை.

சாலை வழியாகப் போனால் 900 மீட்டர் கூடுதல். ஆனால் அந்தச் சாலை காட்டைத் தொடுவது 180 மீட்டர் மட்டும், அதில் வெட்ட வேண்டிய மரம் ஒன்றும் இல்லை. வனவர் அதற்குத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டார். கூடுதல் குழாய்க்கு ஊராட்சி ஒன்றியத்தில் பணம் கேட்டிருக்கிறேன். மோட்டார் தாங்குமா என்பதுதான் இப்போது கவலை.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

மேல்நிலைத் தொட்டியின் உயரம் மாறவில்லை. கூடுவது 900 மீட்டரின் உராய்வு மட்டும். குழாயின் விட்டத்தையும் மோட்டாரின் திறனையும் இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். சாலையில் மேடு எங்கே வருகிறது என்றும் சொல்லுங்கள். அங்கே காற்று வெளியேறும் வால்வு வைக்க வேண்டும், அதைச் சுற்றிக் கட்டும் சிறு தொட்டியும் அந்த 1 மீட்டர் குழி அகலத்துக்குள் அடங்க வேண்டும். கோழியை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.