பீஸ் ரேட்டில் மனசாட்சிக்கு இடம் உண்டா?

நூல்கண்டு:
திருப்பூரில் தையல்காரரை வேலைக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வி 'பீஸ் ரேட்டா, ஷிப்ட்டா?' என்பதுதான்; அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலியா, வேலை நேரத்துக்குக் கூலியா என்று. கம்பெனி பெயரை அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். ஆளின் குணம், ஈடுபாடு என்று பேசுவதெல்லாம் வீண்; கூலி எப்படியோ வேலையும் அப்படியே. ஷிப்ட்டில் ஊசி மாற்றக் கால் மணி நேரம் எடுப்பவர், பீஸ் ரேட்டுக்குப் போனால் டீயைக்கூட மெஷினுக்கே வரவழைத்துக் குடிக்கிறார். அமெரிக்காவில் கார் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் நிறுவனம் 1990களில் மணிக்கூலியை விட்டு பீஸ் ரேட்டுக்கு மாறியது. ஆளுக்கு வேலை 44% கூடியது என்று பொருளாதார அறிஞர் எட்வர்ட் லசியர் கணக்கிட்டார். அங்கிருந்தவர்கள் ஒரே இரவில் உத்தமர்களாகிவிட்டார்களா?

செக்கிங் மேசை:
வேகம் சரி, அண்ணா. அந்த வேகம் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது. டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பி, பக்கத்தையலும் கீழ்மடிப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். துணி அங்கே தடிக்கும். மெஷினை விரட்டினால் கீழ்மடிப்புக்குப் போடும் பிளாட்லாக் தையல் அந்த இடத்தில்தான் விட்டுப்போகும். தைப்பவருக்கு அது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் நிறுத்தி, பிரித்து, மறுபடி தைப்பார். பக்கத்து மெஷின்காரர் அந்தப் பீஸைத் தைத்த கட்டின் நடுவில் செருகி அனுப்பிவிடுவார். இருவருக்கும் ஒரே ரேட். தவறைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் அதிகம் ஒட்டும் கட்டு யாருடையது என்று பிரிக்காமலே சொல்வேன். கூலிதான் எல்லாம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நூல்கண்டு:
கூலி முறையில் உள்ள ஓட்டையிலிருந்து வந்தது. சேஃப்லைட்டில் கண்ணாடி சரியில்லை என்றால் பொருத்தியவரே போய்க் கூலியில்லாமல் மாற்றித் தர வேண்டும். இங்கே பல இடங்களில் ஆல்டர் பார்க்க, அதாவது தவறிய பீஸைப் பிரித்துச் சரிசெய்ய, ஷிப்ட் ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தைத்தவருக்கு நஷ்டமில்லை, செருகத்தான் செய்வார்.

கரூர்க்காரன்:
ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அந்த 44 சதவீதத்தில் சுமார் பாதிதான் அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. வேகமாக வேலை பார்ப்பவர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் இன்னொரு முக்கியக் காரணம் என்று லசியரே எழுதியிருக்கிறார். ஆள் தனக்கு எது பெரிது என்று பார்த்துக் கூலி முறையைத் தேர்ந்தெடுக்கிறான். கூலி முறை ஆளைச் செய்வதில்லை.

ஐந்தரை மணி பஸ்:
நான் ஷிப்ட்தான். கூடுதல் நேரம் சேர்த்து ஒன்றரை ஷிப்ட் கேட்கக் கூடாது, ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன் என்று பேசித்தான் சேர்ந்தேன். சனிக்கிழமை கூலி வாங்கும்போது பீஸ் ரேட்காரர் என்னைவிட அதிகக் காசு எண்ணுவார், தெரியும். கட்டிங்கிலிருந்து துணி வராமல் காத்திருக்கும் நேரத்துக்கு அவருக்குக் காசு இல்லை, எனக்கு உண்டு. பிள்ளைகளோடு இருக்கவும், மாதம் இவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியவும் நான் விலை கொடுத்திருக்கிறேன். இதற்குச் சோம்பேறிப் பட்டமா?

நூல்கண்டு:
நான் அப்படிச் சொல்லவில்லை, அக்கா.

ஐந்தரை மணி பஸ்:
ஊசி மாற்றக் கால் மணி நேரம் என்று எழுதியது யார்? மேலே போய்ப் படியுங்கள்.

செக்கிங் மேசை:
ஆல்டருக்குக் காசு பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதானே உங்கள் வாதம்? இஸ்ரேலின் ஹைஃபாவில், காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போன பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். 2000இல் வெளிவந்த ஆய்வு. தாமதம் ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காசு கட்டியாயிற்று, இனி யாருக்கு முகம் கொடுக்கக் கூச வேண்டும்? செருகுகிறவரும் பிடித்தத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு இன்னும் விரட்டுவார்.

நூல்கண்டு:
அந்த அபராதம் அற்பத் தொகை, அதனால் பலிக்கவில்லை. உங்கள் பிரித்துத் தைப்பவர் வாரம் எத்தனை பீஸ் இழக்கிறார்? அதற்குக் காசு தராமல் 'நல்ல மனசு' என்று தட்டிக்கொடுப்பதில் லாபம் முதலாளிக்குத்தான்.

செக்கிங் மேசை:
காசு தர வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. இதுவரை ஒருவரும் தராதபோதும் அவர் ஏன் பிரித்துத் தைத்தார்? அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.