மறு: ‘கூருணர்வு நீக்கம்’ பொருந்துமா?

> ஒவ்வாமைக்குப் போடும் தொடர் ஊசிக்குக் ‘கூருணர்வு நீக்கம்’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் சொன்னதில் ‘கூருணர்வு’ (உடல் அளவுமீறி எதிர்ப்பது) சரி, அந்த ‘நீக்கம்’தான் உறுத்துகிறது. 1911-இல் லண்டனில் மருத்துவர் லெனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றினார். இன்றும் அடிப்படை அதேதான்: ஒவ்வாத பொருளையே துளித்துளியாகக் கூட்டிக்கொண்டு போய், மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை கொடுப்பது.

ஏன் இத்தனை காலம்? ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள் இரத்தத்தில் இரண்டு மூன்று நாளில் பாதியாகிவிடும். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாலோ வாரக்கணக்கில் இறங்காது. அது தீர்ந்தாலும் புதிதாகச் செய்துகொடுக்க நினைவுச் செல்கள் பல்லாண்டு காத்திருக்கும். நாம் போடும் செட்டிரிசின் மாத்திரை இதில் எதையும் தொடுவதில்லை. மாஸ்ட் செல் வெளியே கொட்டிய, தும்மலும் அரிப்பும் தரும் ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கிறது, அவ்வளவே. தும்மல் நிற்கும், பகை நிற்காது.

நிலக்கடலை ஒவ்வாமையைப் பாருங்கள். தினமும் சிட்டிகை நிலக்கடலைப்பொடி தின்று பழகிய பிள்ளைகளில் பலருக்கு, சில மாதம் நிறுத்தினால் பழைய நிலையே திரும்பிவிடுகிறது. அங்கே என்ன நீங்கியது?

எனவே மருந்து தொடரும்வரை கிடைப்பது ‘கூருணர்வுத் தணிப்பு’. நிறுத்திய பிறகும் நிலைப்பது ‘பொறுதி’. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று நம்பிக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

—

> நிறுத்திய பிறகும் நிலைப்பது ‘பொறுதி’.

‘தணிப்பு’ நன்று, ஏற்கிறேன். ‘பொறுதி’ என்றால் நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது போலிருக்கிறது. உடல் அங்கே பொறுத்துக்கொள்ளவில்லை, பகையென்றே நினைக்கவில்லை. ‘ஒவ்வாமை’யில் இருக்கும் எதிர்மறையை எடுத்துவிட்டு ‘ஒவ்வுமை’ என்றால் என்ன? சொல் கையிலேயே இருக்கிறதே.

—

அம்மா, முதலில் தயங்கினேன். இரத்தம் ஏற்றுமுன் பார்க்கும் பொருத்தத்தோடு குழம்புமோ என்று. அதற்குப் ‘பொருத்தம்’ என்ற சொல்லே வழக்கில் இருப்பதால் ஒவ்வுமையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் மாற்றிவிட்டேன்.

மாஸ்ட் செல்லுக்குத் தமிழ்ச்சொல்தான் மிச்சம். 1878-இல் ஜெர்மன் அறிவியலாளர் பவுல் எர்லிஹ், உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததைக் கண்டு நன்றாகத் தீனி தின்ற செல் என்று நினைத்து வைத்த ஜெர்மன் பெயர் அது. மணிகளில் இருந்தது தீனியல்ல, ஹிஸ்டமின் முதலியவை. அந்தப் பிழையையும் மொழிபெயர்த்துக் ‘கொழுத்த செல்’ ஆக்க வேண்டாம். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.