மூன்று லோடு மாங்காய், கணக்கில் ஒரு லோடு: அர்ரே இன்டெக்ஸில் நீங்கள் பட்ட அனுபவம் என்ன?

காவேரிப்பட்டணத்துக்காரன்

எங்கள் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு எடைக்கணக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறேன். பெங்களூரா மாங்காய் சீசனில் டிராக்டரும் மினி லாரியும் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். வண்டிக்கு ஒரு எடைச்சீட்டு. மூன்று சீசன் சேர்ந்து சுமார் 90,000 சீட்டு, 6,000 விவசாயிகள்.

யாருக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று அறிக்கை எடுக்க முன்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பணம் வாங்க வந்தவர் நின்றுகொண்டே இருப்பார். ஏன் மெதுவு என்று பார்த்தால், ஒவ்வொரு விவசாயிக்கும் மொத்தச் சீட்டையும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது. 6,000 பெருக்கல் 90,000, அதாவது 54 கோடி ஒப்பீடு. அதுவும் விவசாயி குறியீடு எழுத்தாக இருந்தது, எண்ணாகக்கூட இல்லை.

சரி என்று, பைத்தான் மொழியின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy) திருப்பி எழுதினேன். குறியீடுகளை அகர வரிசையில் அடுக்கி, பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துப் பார்க்கும் இருபாதித் தேடலில் ஒவ்வொரு சீட்டுக்கும் விவசாயியின் இட எண்ணை (இன்டெக்ஸ்) எடுத்தேன். 6,000 பேர் பட்டியலில் 13 படிக்குள் இடம் கிடைத்துவிடும். பிறகு ஒரே வரி: மொத்தம் என்ற அர்ரேயில், அதாவது எண்களை வரிசையாக வைக்கும் பட்டியலில், அந்த இட எண்களுக்கெல்லாம் எடையைக் கூட்டல்-சமம் (+=) போட்டுச் சேர்த்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் அறிக்கை வந்தது. பத்துச் சீட்டை வைத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது.

நாலாம் நாள் ஒரு பெரியவர் மூன்று சீட்டோடு வந்தார். 2,340, 1,870, 2,910. கூட்டினால் 7,120 கிலோ. அறிக்கையில் 2,910 மட்டும். கடைசிச் சீட்டின் எடை.

அன்று இரவுதான் விளங்கியது. அந்த ஒற்றை வரி ஒவ்வொரு சீட்டாகக் கூட்டுவதில்லை. முதலில் எல்லா இடங்களின் பழைய மதிப்பையும் ஒரு நகலாக எடுக்கிறது. நகலில் எடைகளைக் கூட்டுகிறது. பிறகு திரும்ப எழுதுகிறது. ஒரே விவசாயியின் இட எண் மூன்று முறை வந்தால், மூன்று தடவையும் பூஜ்யத்தோடுதான் கூட்டல் நடந்திருக்கும். எழுதும்போது ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கடைசியானது மட்டும் நிற்கும். நான் சோதித்த பத்துச் சீட்டும் பத்து வேறு விவசாயிகளுடையவை, அதனால் தப்பு வெளியே வரவே இல்லை.

தீர்வு நம்பையிலேயே இருக்கிறது: 'பின்கவுன்ட்' (bincount) கட்டளைக்கு இட எண்ணையும் எடையையும் கொடுத்தால் குழு வாரியாகக் கூட்டிக் கொடுத்துவிடும். 'ஆட் டாட் அட்' (add.at) என்று இன்னொரு வழியும் உண்டு, அதுவும் சரியான விடை தரும், ஆனால் பழைய பதிப்புகளில் ரொம்ப மெதுவு. இப்போது ஒவ்வொரு அறிக்கைக்கும் முன்னால் விவசாயிகளின் மொத்தமும் சீட்டுகளின் மொத்தமும் சமமா என்று நிரலே பார்க்கிறது. சமமில்லை என்றால் அச்சாகாது.

அந்தப் பெரியவர் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். வைத்திருக்காதவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓசூர் இரண்டாம் ஷிஃப்ட்

எனக்கு நடந்தது வேறு ஜாதி. இயந்திரத்தில் கடைந்த பாகங்களின் படத்தை அளக்கும் நிரல் மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் இருந்தது, பைத்தானுக்கு மாற்றச் சொன்னார்கள். மேட்லேப்பில் எண்ணிக்கை 1-ல் தொடங்கும், பைத்தானில் 0-வில். எல்லா இடத்திலும் ஒன்றைக் கழித்தேன். தொடக்கத்திலும் கழித்தேன், முடிவிலும் கழித்தேன். மேட்லேப்பில் முடிவு எண்ணும் சேர்த்தி, பைத்தானில் முடிவு எண் சேராது. ஆக ஒவ்வொரு படத்திலும் கடைசி நெடுவரிசை காணாமல் போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, விளிம்பில் இருந்த கீறல் மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது.

அதைச் சரி செய்த பிறகும் வேகம் இல்லை. மேட்லேப், ஃபோர்ட்ரான், ஜூலியா மொழிகள் எல்லாம் நெடுவரிசையை நினைவகத்தில் சேர்த்து வைப்பவை. நம்பை இயல்பாகக் கிடைவரிசையைச் சேர்த்து வைக்கும். 8,000-க்கு 8,000 மேட்ரிக்ஸ், ஓர் எண்ணுக்கு 8 பைட், மொத்தம் 51.2 கோடி பைட். நான் பழைய பழக்கத்தில் நெடுவரிசை நெடுவரிசையாகப் போனேன். கணினியின் செயலி (ப்ராசஸர்) நினைவகத்தில் ஒரு தடவை கை நீட்டினால் பெரும்பாலும் 64 பைட், அதாவது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 8 எண்கள் வரும். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைக் கீழே போட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பசுமைக்குடிலில் ரோஜா பறிப்பவர் ஒரு பாத்தியில் ஒரே ஒரு பூவைப் பறித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனால் எப்படி இருக்கும், அப்படி. லூப்பின் திசையை மாற்றினேன், ஒரு கணக்கும் மாறவில்லை, நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அரூர் மாணவி

அண்ணா, என்னுடையது சின்னது. 20,000 எண்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலைக் கழித்தேன். இரண்டாவது 20,000 வரிசை, 1 நெடுவரிசை என்ற வடிவத்தில் இருந்தது, கவனிக்கவில்லை. கழித்தல் எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் நடந்து 40 கோடி எண் வந்தது, 320 கோடி பைட். 4 ஜிபி லேப்டாப் அப்படியே உறைந்துவிட்டது. இப்போது எந்தக் கணக்குக்கும் முன்னால் இரண்டின் வடிவத்தையும் அச்சிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

பாலக்கோடு வாத்தியார்

காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மொத்தச் சோதனை நல்லது, ஆனால் அது பிடிக்காத ஒரு தவறு இருக்கிறது.

நான் பழைய மழைக் கணக்குகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் ஓசூரும் ஊத்தங்கரையும் தர்மபுரிக்குக் கீழேதான் இருக்கும். ஊர்ப் பெயரைக் கொண்டு இன்றைய மாவட்டத்தைத் தேடி எடுக்கப் பைத்தானில் எழுதினேன். தேன்கனிக்கோட்டையை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். பட்டியலில் கிடைக்காத பெயருக்குத் தேடல் -1 என்று விடை தந்தது. பைத்தானில் -1 என்றால் கடைசி இடம். என் பட்டியலில் கடைசி ஊர் ஊத்தங்கரை. பெயர் பொருந்தாத ஊர்களின் மழையெல்லாம் ஊத்தங்கரையில் பெய்துவிட்டது. மொத்தம் மட்டும் துல்லியமாகச் சரி.

ஏபிஎல் (APL), ஜே (J) என்ற நிரல்மொழிகளைப் படித்தபோதுதான் இதற்கு நல்ல வழி தெரிந்தது. கென்னத் ஐவர்சன் 1962-ல் நூலாக எழுதிய குறியீட்டு முறையிலிருந்து வந்தது ஏபிஎல். 1979-ல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. 1990-ல் ராஜர் ஹுய்யோடு சேர்ந்து ஜேயை உருவாக்கினார். ஜேயில் 'எங்கே இருக்கிறது' என்று தேடி, பொருள் கிடைக்காவிட்டால் பட்டியலின் நீளமே விடையாக வரும். ஐந்து ஊர் என்றால் இடங்கள் 0 முதல் 4 வரை, கிடைக்காததற்கு 5. அந்த இடத்தில் எதுவும் இல்லாததால் உடனே இன்டெக்ஸ் பிழை என்று நின்றுவிடும். நிற்க வேண்டாம் என்றால் பட்டியலின் கடைசியில் ஒரு காலி இடத்தை ஒட்டிவிட்டால் போதும், தெரியாதவை எல்லாம் அங்கே போய்ச் சேரும்.

வேகத்துக்கும் ஒரு சொல்: ஜேயில் பெயர்களை லூப்பில் ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள். முழுப் பட்டியலையும் ஒரே தேடலாகக் கொடுங்கள். அது ஒரு முறை மட்டும் தேடல் அட்டவணை கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும்.

தம்பி, உங்கள் இருபாதித் தேடலில் இல்லாத குறியீடு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரன்

சார், பார்த்தேன். இல்லாத குறியீட்டுக்கு அந்தத் தேடல், அகர வரிசையில் அது எங்கே நுழைய வேண்டுமோ அந்த இடத்தைக் கொடுக்கிறது. அதாவது அடுத்த விவசாயியின் கணக்கு. நீங்கள் சொன்னபடியே மொத்தம் சரியாக இருந்ததால் என் சோதனை வாய் திறக்கவில்லை.

நேற்று இரவு மாற்றிவிட்டேன். தேடி எடுத்த இடத்தில் இருக்கும் குறியீடு சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று திரும்பப் பார்க்கிறது. இல்லை என்றால் கடைசியில் சேர்த்த காலி இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. மூன்று சீசன் சீட்டையும் ஓட்டினேன். அந்தக் காலி இடத்தில் 11 சீட்டு வந்து நின்றது. ஏழில் கடைசி எழுத்து மாறித் தட்டச்சாகியிருக்கிறது, வண்டி எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். மீதி நான்குக்கு நாளைக் காலை ஆலைக்குப் போய்ப் பழைய சீட்டுக் கட்டைப் பிரிக்க வேண்டும்.