பணம் பெற்று ஆடிய முதல் அமெரிக்கக் காற்பந்து வீரர் யார்?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், கிளிநொச்சி): அமெரிக்கக் காற்பந்தில் முதன்முதலாகப் பணம் பெற்று ஆடியவர் யாரென்று மாணவன் ஒருவன் கேட்கிறான். அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (முல்லைத்தீவு): வணக்கம் சேர். யேல் பல்கலைக்கழகத்தில் பெயரெடுத்த வில்லியம் ஹெஃபல்ஃபிங்கரே அவர். நம் ஊர்க் கழகங்கள் சுற்றுப்போட்டிக்கு வெளியூர் வீரரை இறக்குவதுபோல, 1892 நவம்பர் 12 அன்று அலெகெனி கழகம் பிற்ஸ்பேர்க் கழகத்துக்கு எதிராக அவரை 500 டொலருக்கு இறக்கியது. எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்து ஓடி அவர் பெற்ற 4 புள்ளிகளே வெற்றியைத் தந்தன. அந்தக் கொடுப்பனவு பதியப்பட்ட கணக்கேடு பல்லாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

பதில் (மல்லாவி): ஜிம் தோர்ப்பையும் மாணவனுக்குச் சொல்லுங்கள் சேர். பேஸ்போல் ஆடிச் சிறு ஊதியம் பெற்றார் என்பதற்காக, 1912 ஒலிம்பிக்கில் வென்ற இரண்டு தங்கங்களையும் அந்தப் பூர்வகுடி வீரரிடமிருந்து பறித்தது பெரும் அநீதி. 1915இல் கன்ரன் என்ற அமெரிக்கக் காற்பந்து அணி அவருக்கு ஆட்டமொன்றுக்கு 250 டொலர் கொடுத்தது.

கேட்டவர்: நன்றி தம்பிமாரே, இருவரைப் பற்றியும் வகுப்பில் சொல்கிறேன்.