பாதாளச் சாக்கடை விரிவாக்கம்: கூட்டத்துக்கு ஆள் வர என்ன செய்யலாம்? (கே.ஆர்.புரம் பக்கம்)

கேஆர்புரம்வாசி:

வணக்கம். பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஏரியாவையும் சுற்றியுள்ள சில லேஅவுட்டுகளையும் சேர்த்து பாதாளச் சாக்கடை வேலை வருகிறது. பழைய குழாயை எடுத்துவிட்டுப் பெரிய குழாய், பள்ளமான இடத்தில் ஒரு பம்பிங் ஸ்டேஷன், ஏரிக்குப் பக்கத்தில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்). நான் குடியிருப்போர் சங்கத்தில் இருப்பதால் "மக்களைக் கூட்டி வாருங்கள்" என்ற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

போன கூட்டம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தில். வந்தது பெரும்பாலும் ரிடையர் ஆனவர்கள். முழுக்க இங்கிலீஷ் ஸ்லைடு. கடைசியில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள், ஒருவர் எழுந்து தன் வீட்டுக் காவேரி கனெக்‌ஷன் பற்றிக் கேட்டார், இன்னொருவர் தெருவிளக்கு பற்றி, அப்புறம் டீ, பிஸ்கட். கருத்துக் கேட்பு முடிந்தது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் "எஸ்டிபி வந்தால் நாற்றம், ஃபிளாட் விலை விழும்" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு விஷயமே தெரியாது. ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரத்து வரிசை வீடுகளில் நம்மாட்கள் நிறைய, கொஞ்சம் தெலுங்குக்காரர்கள், வடக்கிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள். அவர்கள் எந்தக் குரூப்பிலும் இல்லை. கார்ப்பரேட்டர் மூலம் போகலாம் என்றால் 2020 செப்டம்பரில் மாநகராட்சி கவுன்சிலின் காலம் முடிந்ததோடு அந்த வழியும் அடைபட்டுப் போனது, வருடக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை.

வேறு ஏரியாவில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நோட்டீஸா, வீடு வீடாகப் போவதா? எஸ்டிபி பற்றி என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

பழைய_சைட்_இன்ஜினியர்:

ஆள் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் சார். இந்தத் திட்டத்தில் இன்னும் மாற்றக்கூடியது என்ன இருக்கிறது? எல்லாம் முடிவாகி டெண்டரும் போய்விட்டது என்றால் அதைக் கருத்துக் கேட்பு என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள், தகவல் கூட்டம் என்றே சொல்லுங்கள். ஒரு தடவை ஏமாந்தவன் அடுத்த தடவை வரமாட்டான்.

நான் பார்த்த வேலைகளில் மாற்ற முடியாதது பெரும்பாலும் இடம்தான். சாக்கடைக் குழாயில் தண்ணீர் சரிவில் ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் மண்டி தங்கும், அதனால் வினாடிக்கு 0.6 மீட்டராவது வேகம் வரும்படி சரிவு கொடுப்பார்கள். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழமாகிக்கொண்டே போகும், ஓர் இடத்தில் அதற்குமேல் தோண்ட முடியாது, அங்கே பம்பு வைத்தாக வேண்டும். ஆகவே "பம்பிங் ஸ்டேஷன் எங்கே வேண்டும்" என்று ஓட்டெடுப்பு நடத்தினால் வீண் சண்டைதான் வரும். இரண்டு இடங்கள் உண்மையிலேயே சாத்தியம் என்றால் மட்டும் கேளுங்கள்.

மாற்றக்கூடியது நிறைய உண்டு. எந்தத் தெருவை முதலில் தோண்டுவது, தோண்டிய பள்ளத்தை எத்தனை நாளில் மூடுவது, பள்ளிக்கூட வாசலில் லீவில் வேலை செய்ய முடியுமா, கசடு ஏற்றும் லாரி எந்த வழியாக, எந்த நேரத்தில் போகும், ஜெனரேட்டர் யார் வீட்டு ஜன்னலுக்கு எதிரே வரும். இதைப் பேசத்தான் மக்கள் வருவார்கள்.

நாற்றம் பற்றி மழுப்பாதீர்கள். எஸ்டிபி முழுக்க நாறுவதில்லை. கழிவு உள்ளே நுழையும் இடம், சல்லடை, மண் பிரிக்கும் தொட்டி, அப்புறம் கசடு கையாளும் இடம், நாற்றம் பெரும்பாலும் அங்கேதான். அழுகிய முட்டை வாடை என்கிறோமே, ஹைட்ரஜன் சல்பைடு. அந்தப் பகுதிகளுக்கு மூடி போட்டு, காற்றை உறிஞ்சி, பயோஃபில்டர் (நுண்ணுயிர்களால் வாடையைப் போக்கும் வடிகட்டி) வழியாக வெளியே விட்டால் வாடை வெகுவாகக் குறையும். இன்னொன்று, கரண்ட் போய் காற்றூட்டும் இயந்திரம் நின்றால் நல்ல எஸ்டிபியும் கெடும். மூடி, பயோஃபில்டர், காற்றூட்டலையும் தாங்கும் ஜெனரேட்டர் மூன்றும் டெண்டரில் எழுதியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். பிறகு சேர்ப்போம் என்பதை நம்பாதீர்கள், அதற்குப் பணம் வராது.

டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) காட்ட மறுத்தால் ஆர்டிஐ போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். வளர்த்து எழுதினால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

காலுவே_ஓரத்து_வீடு:

நான் நீங்கள் சொல்கிற மாதிரி வரிசை வீட்டில்தான் இருக்கிறேன், உங்கள் ஏரியா இல்லை, விவேக் நகர் பக்கம். மகள் இந்தத் தளத்தைக் காட்டினாள். அண்ணா, எங்கள் மாதிரி ஆட்கள் ஏன் வருவதில்லை என்று நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எங்களுக்கு சர்வே என்றாலே பயம். 2016 ஆகஸ்டில் ராஜகாலுவே ஆக்கிரமிப்பு என்று வீடுகளை இடித்தார்கள். 2022 வெள்ளத்துக்கு அப்புறம் மகாதேவபுரா பக்கம் மறுபடியும் ஜேசிபி வந்தது. டிவியில் எல்லோரும் பார்த்தோம். பேப்பரும் டேப்பும் வைத்துக்கொண்டு யாராவது வந்து சுவரில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனால் அது குழாய்க்கா வீட்டை இடிக்கவா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துக்குப் போனால் பேரும் அட்ரஸும் எழுதி வாங்குகிறார்கள். அதனாலேயே பாதிப் பேர் போகமாட்டார்கள். முதல் கேள்வி "எங்கள் வீட்டை எடுப்பீர்களா" என்பதுதான். அதற்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் மற்றதை எல்லாம் எங்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது மழை. பெரிய மழை பெய்தால் எங்கள் பாத்ரூம் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வருகிறது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க வாளியில் அள்ளி ஊற்றுவோம். வருகிறவர்கள் எல்லாம் "நீங்கள் குப்பை போட்டு அடைத்திருப்பீர்கள்" என்கிறார்கள். நாங்கள் பார்த்தது வேறு. பின்னால் நான்கு மாடிக் கட்டடம், அதன் மொட்டைமாடி மழைக் குழாயை நேராகச் சாக்கடை சேம்பரில் விட்டிருக்கிறார்கள். தெருவில் அந்த மாதிரி இன்னும் வீடுகள் இருக்கின்றன. மழை பெய்ததும் அவ்வளவு தண்ணீரும் சாக்கடைக்குள் இறங்கி, பள்ளத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் பொங்குகிறது. குழாயைப் பெரிதாக்கினால் இது நிற்குமா என்று இன்ஜினியர் சார் சொல்லுங்கள்.

பணம் யார் கட்டுவது என்பதும் இருக்கிறது. கனெக்‌ஷன் கட்டணம் வீட்டு ஓனர் கட்டுவார், கட்டிவிட்டு வாடகையை ஏற்றுவார். குடக்கூலிக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள், ஆனால் முடிவு ஓனர் கையில், அவர் இருப்பது வேறு ஏரியாவில். ஓனர்களைத் தனியாகப் பிடியுங்கள்.

பழைய_சைட்_இன்ஜினியர்:

அம்மா சொன்னதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான விஷயம். நிற்காது அம்மா. சாக்கடைக் குழாயை வீட்டுக் கழிவுக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு நாள் முழுவதற்கும் 540 லிட்டர். உங்கள் பின் வீட்டு மொட்டைமாடி 1000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அதிலிருந்து மட்டும் நான்காயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் இறங்கும், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில். எந்தக் குழாயும் தாங்காது. மழைக் குழாயைப் பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ ரோட்டோர வடிகாலுக்கோ விட வேண்டும். தரைத்தள வீடுகளுக்கு எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு போடலாம், அதையும் கேளுங்கள்.

இதைத் தெருத்தெருவாகப் பார்க்கும் வேலை எந்த கன்சல்டன்ட் கணக்கிலும் ஒழுங்காக வராது. உள்ளூர்க்காரர்களால்தான் முடியும். கேஆர்புரம்வாசி சார், நோட்டீஸ் அடிக்கும் காசில் இதைச் செய்யுங்கள், எந்த வீட்டு மழைக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு வரைபடம்.

ஃபிளாட்_307:

எங்கள் அபார்ட்மென்டிலேயே எஸ்டிபி இருக்கிறது, ஆபரேட்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் மெயின்டனன்ஸில் கட்டுகிறோம். இப்போது ஊருக்கு ஒரு எஸ்டிபி, அதற்கும் நாங்கள் கட்ட வேண்டுமா? பக்கத்திலேயே வேறு வரப்போகிறது. கூட்டத்துக்கு வந்தால் நான் கேட்கப்போவது இதுதான்.

கேஜிஎஃப்_ரயில்:

ஃபிளாட் அண்ணாச்சி, உங்கள் எஸ்டிபியில் சுத்தமாகிற தண்ணீரில் ஃப்ளஷுக்கும் செடிக்கும் போக மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பல அபார்ட்மென்டுகளில் மழைநீர்க் கால்வாயில்தான் போகிறது. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றார்களே, அப்போதும் அந்த மிச்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் கேஜிஎஃப்காரன், தினம் ரயிலில் பெங்களூர் வந்து போகிறேன். உங்கள் ஊர்க் கழிவு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது, தெரியுமா? கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். சுத்திகரித்த தண்ணீரைக் கோலார் பக்கத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு பம்பு செய்வது, மொத்தம் நாளுக்கு 44 கோடி லிட்டர் என்பது கணக்கு. 2018 ஜூனில் லட்சுமிசாகரம் ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். கோலாரில் ஆயிரம் அடிக்குமேல் போர் போட்டும் வறண்ட ஊர்கள் உண்டு. அடுத்த மாதமே நுரை வந்தது. வழக்கு, உயர் நீதிமன்றத் தடை, 2019 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத் தடை, பிறகு அது நீங்கி மறுபடியும் தண்ணீர். போர்வெல்லில் நீர் ஏறியது என்று சொல்லும் விவசாயிகளும் உண்டு, இரண்டாம் நிலை சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் நிலையும் செய் என்று போராடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அங்கே எனக்குத் தெரிந்து கோபம் தண்ணீர் மேல் மட்டும் இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதுதான் பெரிய கோபம். ஏரிக்கரையில் ஒரு போர்டு வைத்து மாதாமாதம் பிஓடி (தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிம அழுக்கின் அளவு) எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று கன்னடத்தில் எழுதியிருந்தால் பாதி வதந்தி அடங்கியிருக்கும். உங்கள் எஸ்டிபி வாசலிலும் அப்படி ஒரு போர்டு கேளுங்கள். அத்தோடு தண்ணீரை வாங்கப்போகும் ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். பெங்களூர்க் கிழக்கு ஓடைகளெல்லாம் கடைசியில் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகின்றன. அங்கே நுரையைப் பார்த்துத் திட்டுகிறவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருப்பார்கள்.

ஸ்ரீராமபுரம்_ராஜா:

ஒன்று விட்டுப்போச்சு. சேம்பர் சுத்தம் செய்கிறவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. எந்த மேன்ஹோல் ரோட்டுக்கு அடியில் தாருக்குள் புதைந்து கிடக்கிறது, எந்தச் சந்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி நுழையாது, எந்த ஹோட்டல் எண்ணெயைக் கொட்டி அடைக்கிறது, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், வரைபடத்தில் இருக்காது. வண்டி நுழையாத இடத்தில்தான் ஆளை இறக்குகிறார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் அதைத் தடுக்கிறது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது, ஆனாலும் நடக்கிறது. புதுக் குழாய் போடும்போதே சந்துக்குள் சின்ன மெஷின் எட்டும்படி சேம்பர் வைத்தால் யாரும் இறங்க வேண்டியதில்லை. அவர்களைக் கூப்பிட்டால் அந்த நாள் கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

கேஆர்புரம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆர்டிஐ மனு எழுதிவிட்டேன், 150 வார்த்தைக்குள் அடக்குவதுதான் பெரும்பாடு. மண்டபம் வேண்டாம் என்று முடிவு. மாரியம்மன் கோயில் பின்னால் இருக்கும் காலி இடத்தில், கன்னடத்திலும் தமிழிலும், ஸ்லைடு இல்லாமல். கட்டட வேலைக்காரர்களுக்கு ஹிந்தியில் சொல்ல ஒரு மேஸ்திரி ஒத்துக்கொண்டிருக்கிறார். வீடு இடிப்பு பற்றி எழுத்தில் பதில் தந்தால்தான் தேதி வைப்போம் என்று அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

காலுவே_ஓரத்து_வீடு:

ஞாயிறு ஐந்து மணி வேண்டாம் அண்ணா. எங்கள் பக்கம் மகளிர் சங்கத்தில் பணம் கட்டுகிற நேரம் அதுதான், உங்கள் ஏரியாவிலும் அப்படி ஒரு நேரம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். தனிக் கூட்டம் போடுவதைவிட அந்தச் சங்கத்துக்கே நீங்கள் போய் உட்காருங்கள். பெயர் எழுதும் நோட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள்.